நிலை, பங்கு, குழு: தொண்டூழியர் வகுப்புக்குத் தமிழில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தெம்பனிஸ் தோழி

வணக்கம். சிங்கப்பூரில் சமூக மன்றத் தொண்டூழியர்கள் 24 பேருக்குத் தமிழில் இரண்டு மணி நேர வகுப்பு ஒன்று தயாராகிறது. வீடு வீடாகப் போய், உதவி தேவைப்படும் குடும்பங்களோடு பேசுவது அவர்கள் வேலை. ஒருவரின் சமூக நிலை, அதற்குரிய பங்கு, அவர் சேர்ந்திருக்கும் குழு ஆகிய மூன்று கருத்துகளை வைத்து, ஒரு வீட்டின் சிக்கலைத் தாளில் வரைந்து பார்க்க அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கேள்விகள் மூன்று. ‘ஸ்டேட்டஸ்’ என்பதற்கு அந்தஸ்து என்று போடலாமா? பங்கு முரண், பங்கு இறுக்கம் இரண்டையும் குழப்பமில்லாமல் எப்படிப் பிரிப்பது? எந்த உதாரணம் எடுபடும்? கிடைக்கும் குறிப்புகளில் எல்லாம் அமெரிக்க மருத்துவரும் அமெரிக்கப் பேராசிரியரும்தான் வருகிறார்கள்.

சொல்லாய்வன்

அந்தஸ்து வேண்டாம் தோழி. தமிழ்க் காதுக்கு அந்தஸ்து என்றாலே உயர்வுதான். ‘அந்தஸ்தான குடும்பம்’ என்போம், ‘அவங்க அந்தஸ்துக்கு நாம எங்க’ என்போம். சமூகவியலில் இந்தச் சொல் மரியாதையை அளப்பதற்கு வரவில்லை, ஓர் ஏற்பாட்டில் ஒருவர் இருக்கும் இடத்தைக் குறிக்க வருகிறது. மாமியார் ஓர் இடம். நோயாளி ஓர் இடம். வாடகைக்கு இருப்பவர், கைதி, பாலர் பள்ளிப் பிள்ளை, எல்லாமே இடங்கள். ‘கைதியின் அந்தஸ்து என்ன’ என்று கேட்டால் வகுப்பு விழிக்கும். ‘கைதி என்பது ஒரு சமூக நிலை’ என்றால் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலும் உண்டு. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரைப் படித்தவர்கள் அதே சொல்லைச் சமூக மதிப்பு என்ற பொருளில் ஆள்கிறார்கள். 1936இல் அமெரிக்க மானிடவியலாளர் ரால்ஃப் லிண்டன் எழுதியதைத் தொடர்ந்து வந்தவர்கள் இடம் என்ற பொருளில் ஆள்கிறார்கள். உங்கள் வகுப்புக்கு லிண்டன் பொருள்தான் வேண்டும். ‘தகுநிலை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதில் ‘தகு’ ஒட்டிக்கொண்டிருப்பதால் தகுதி என்ற வாடை போகவில்லை. வெறும் ‘நிலை’ போதும்.

‘ரோல்’ என்பதற்கு இலங்கைத் தமிழர்கள் வகிபாகம் என்பார்கள். துல்லியமான சொல், ஆனால் இங்கே முதல் பத்து நிமிடம் அந்தச் சொல்லை விளக்குவதிலேயே போய்விடும். பாத்திரம் என்றால் நடிப்பு என்ற எண்ணம் வந்துவிடுகிறது, ‘அப்போ அம்மான்னா நடிப்பா’ என்று யாராவது கேட்பார்கள். பங்கு என்றே வையுங்கள். சொத்துப் பங்கு, பங்குச் சந்தை நினைவு வராமல் இருக்க, ‘மற்றவர்கள் எதிர்பார்க்கும் பங்கு’ என்று முதல் இரண்டு முறை நீட்டிச் சொல்லிவிடுங்கள்.

கரும்பலகை

சொல் முடிவாகிவிட்டது. இனி நிலையையும் பங்கையும் பிரிக்கும் சோதனை வேண்டும். வகுப்பில் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழ் வாக்கிய அமைப்பே முதல் சோதனை. ‘இவர் ____ ஆக இருக்கிறார்’ என்ற கோட்டில் உட்காருவது நிலை. ‘இவர் ____ வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள்’ என்ற கோட்டில் உட்காருவது பங்கு. ‘தாதியாக இருக்கிறார்’ நிலை. ‘மருந்தை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும்’ பங்கு.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘கோபக்காரராக இருக்கிறார்’, ‘பொறுமைசாலியாக இருக்கிறார்’ என்பவையும் முதல் கோட்டில் ஒழுங்காக உட்காரும். தொண்டூழியர்கள் எழுதும் பட்டியலில் பாதி இப்படிக் குணங்களாகவே வரும். அதற்கு இரண்டாவது சோதனை: ஆள் போய்விட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்குமா? செயலாளர் போனால் செயலாளர் நாற்காலி காலி, வேறு ஆள் தேடுவார்கள். கோபக்காரர் போனால் எதுவும் காலியாவதில்லை. மூன்றாவது சோதனை: எதிர் நிலை இருக்கிறதா? மாமியார் என்றால் மருமகள், தாதி என்றால் நோயாளி, வீட்டு உரிமையாளர் என்றால் வாடகைதாரர். தனியாக நிற்கும் நிலை கிடையாது. எதிரில் யாரும் இல்லை என்றால் நீங்கள் எழுதியது நிலை இல்லை.

ஒருவரிடம் இருக்கும் எல்லா நிலைகளும் சேர்ந்து நிலைத்தொகுதி. அவற்றுள் ஒரே ஒரு நிலையைச் சுற்றி நிற்கும் எல்லா எதிர் நிலைகளோடும் உள்ள உறவுகள் சேர்ந்து பங்குத்தொகுதி. இந்த இரண்டாவது கருத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1957இல் தனிக் கட்டுரையாக விளக்கினார். இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் படம் கெட்டுப்போகும். முதல் தாளில் நிலைத்தொகுதி, அடுத்த தாளில் அதிலிருந்து எடுத்த ஒரே ஒரு நிலையின் பங்குத்தொகுதி. கண்டிப்பாக இரண்டு தாள்.

பிடோக் பாண்டியன்

கரும்பலகை ஐயா சொன்னதை ஒரு வீட்டில் வைத்துக் காட்டுகிறேன். இது பயிற்சிக்காகக் கட்டிய குடும்பம்.

நான்கறை வீடு. 48 வயதுப் பெண். அவருடைய நிலைகள்: மகள், மனைவி, தாய், தங்கை, பேரங்காடிக் காசாளர், அண்டைவீட்டார், கோயில் தொண்டூழியர். ஏழு. இதில் ‘மகள்’ என்ற நிலையை மட்டும் எடுத்து, இரண்டாவது தாளின் நடுவில் வட்டம் போடுங்கள். அம்மாவுக்கு மறதிநோய். சுற்றி ஐந்து பேர்:

அம்மா: வேற்று ஆள் என்னைத் தொடக்கூடாது, நீதான் குளிப்பாட்ட வேண்டும்.
அண்ணன்: மாதச் செலவு நான் தருகிறேன், கூட இருந்து பார்த்துக்கொள்வது நீ.
பலதுறை மருந்தகத் தாதி: குளியலறையில் வழுக்கும், தனியாகத் தூக்காதீர்கள், பயிற்சி பெற்ற ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
பகல்நேரப் பராமரிப்பு நிலையம்: மாலை 5 மணிக்குள் வந்து அழைத்துப்போக வேண்டும்.
சித்தி: பெற்றவளைக் கொண்டுபோய் நிலையத்தில் விடக்கூடாது.

ஒவ்வொரு கோட்டின் மேலும் எழுதும் வாக்கியம் ‘வேண்டும்’ அல்லது ‘கூடாது’ என்று முடியவேண்டும். ‘பாசம்’, ‘கவனிப்பு’ என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் யாருக்கும் யாரோடும் மோதலே தெரியாது. அம்மாவும் தாதியும் சொல்வது இரண்டுமே ‘கவனிப்பு’தான். வாக்கியமாக எழுதினால்தான் ஒன்று மற்றதை அடிப்பது கண்ணில் படும்.

இப்போது காசாளர் வேலை பிற்பகல் 3 முதல் இரவு 11 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மணிக்கு அம்மாவை அழைக்க முடியாது. இது மகள் என்ற நிலைக்கும் காசாளர் என்ற நிலைக்கும் நடுவே வருவது, பங்கு முரண். அம்மா ஒன்று சொல்ல, தாதி வேறொன்று சொல்ல, சித்தி மூன்றாவது ஒன்று சொல்கிறாரே, அது முழுக்க மகள் என்ற ஒரே நிலைக்குள் நடப்பது, பங்கு இறுக்கம்.

பிரிக்க ஒரே கேள்வி போதும்: வேலையை விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீருமா? 5 மணிச் சிக்கல் தீரும். குளிப்பாட்டும் சிக்கல் தீராது. ஒரு நிலையைக் கழற்றினால் மறைவது முரண், அப்படியே நிற்பது இறுக்கம். இதைச் சரியாகப் பிரிக்காத தொண்டூழியர் ‘வேலை நேரத்தை மாற்றிக் கேளுங்கள்’ என்று ஆலோசனை சொல்லிவிட்டு வந்துவிடுவார். குளிப்பாட்டும் சிக்கல் அப்படியே நிற்கும்.

கரும்பலகை

பாண்டியன் போட்ட படம் நன்றாக இருக்கிறது. அண்ணன் கோட்டைக் கவனியுங்கள். மகன், மகள் இரண்டும் பெற்றோருக்கு எதிர் நிலைகள்தான். 1995இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளை என்றுதான் பார்க்கிறது, ஆண் பெண் என்று பிரிப்பதில்லை. 60 வயதை எட்டிய, தங்களைத் தாங்களே பராமரிக்க முடியாத பெற்றோர் அதன்கீழ்ப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். ஆனால் சட்டத்தின் கைக்கு எட்டுவது பணம். யார் குளிப்பாட்டுவது, யார் இரவில் எழுந்து கதவைச் சாத்துவது என்பது எட்டாது. அதை வழக்கம் பங்கிடுகிறது, நம் வீடுகளில் அது மகள் பக்கமும் மருமகள் பக்கமும்தான் சாய்கிறது. ‘நான்தான் செலவுக்குத் தருகிறேனே’ என்று அண்ணன் சொல்லும்போது சட்டம் எழுதிய பங்கை அவர் நிறைவேற்றுகிறார், வழக்கம் எழுதிய பங்கைத் தங்கையிடம் தள்ளிவிடுகிறார். இதை வகுப்பில் அழுத்தமாகச் சொல்லுங்கள், இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, இறுக்கத்தை எப்படித் தளர்த்துவது. மெர்ட்டன் ஆறு வழிகள் சொன்னார். இந்தப் படத்திலேயே காட்டலாம். சுற்றி நிற்பவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு அக்கறை இருக்காது. சித்தி மாதம் ஒருமுறை வருகிறவர் என்றால் அவர் கோட்டை மெல்லியதாகப் போடலாம். எல்லாருக்கும் ஒரே அதிகாரமும் இருக்காது. தாதியின் சொல்லுக்குப் பின்னால் மருந்தகம் நிற்கிறது, அதைச் சொல்லி அண்ணனை இசைய வைக்கலாம். சில விஷயங்கள் சிலர் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது. சித்தியிடம் அன்றாடக் கணக்கு ஒப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஐந்தாவதாக, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களின் துணை. மறதிநோய் உள்ளவர்களைப் பராமரிப்போர் சேர்ந்து பேசும் குழுக்கள் பயன் தருவது இதனால்தான். கடைசி வழி, வட்டத்தையே சுருக்கி ஓர் உறவை அறுத்துவிடுவது. குடும்பத்தில் இது அநேகமாக நடக்காது, விலையும் அதிகம்.

நான்காவதைத் தனியாக வைத்தேன். எதிர்பார்ப்பவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் அறியாமல் இருப்பதுதான் பல வீடுகளில் சிக்கலின் வேர். தாதி சொன்னது அண்ணனுக்குத் தெரியாது, அம்மா சொன்னது தாதிக்குத் தெரியாது. எல்லா வாக்கியமும் வந்து முடிவது நடுவில் நிற்பவரிடம் மட்டும். அந்தப் படத்தை அண்ணன் முன்னால் வைத்தால், மோதுவது தங்கையும் தானும் இல்லை, தாதி சொல்வதும் அம்மா சொல்வதும் என்று அவருக்கே தெரியும். அதன்பின் பேச்சின் தொனி மாறும். தொண்டூழியரால் உண்மையில் செய்யக்கூடியது இந்த நான்காவது வழி.

ஜூரோங் ஜமால்

நிறுவன மனிதவளப் பக்கமிருந்து ஓர் உதாரணம். இதைச் சொன்னால் ஆண்கள் எல்லாரும் உடனே புரிந்துகொள்வார்கள்: தேசிய சேவை.

இங்கே ஆண்களுக்கான கட்டாயப் படைச் சேவை அது, 1967இல் தொடங்கியது. இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை முடிந்தபிறகும் ரிசர்விஸ்ட் கடமை தொடரும். பொதுவாக 40 வயது வரை, அதிகாரிகளுக்கு 50 வயது வரை. ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் கூப்பிடலாம். அலுவலகத்தில் மேலாளராக இருப்பவர் முகாமில் கார்ப்பரலாக இருப்பார், அவருக்குக் கீழ் வேலை செய்யும் இளைஞர் அங்கே லெப்டினண்டாக இருப்பார். ஒரே இரண்டு ஆள், இரண்டு ஏற்பாடு, இரண்டு எதிர்மாறான நிலைகள்.

இது ஏன் பெரும்பாலும் வெடிப்பதில்லை? சீருடை, முகாம் வாசல், தேதி குறித்த அழைப்பு ஆகிய மூன்றும் இரண்டு நிலைகளையும் இடத்தாலும் நேரத்தாலும் பிரித்து வைக்கின்றன. பிரிப்பு தளரும் இடத்தில்தான் தொல்லை. முகாமில் இருக்கும்போது அலுவலக வாட்ஸ்அப்பில் மேலாளர் உத்தரவு போட்டால், அங்கே கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கும் இளைஞருக்கு எந்த நிலையிலிருந்து பதில் சொல்வது என்று தெரியாது.

அந்த 48 வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு வாசல் இல்லை. காசாளராக இருக்கும் நேரத்திலும் போன் வழியாக மகள் நிலை கூடவே வருகிறது. இந்த இரண்டு உதாரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஈசூன் இளவேனில்

தோழி, உங்கள் தொண்டூழியர்கள் வெளிநாட்டு ஊழியர்களையும் சந்திப்பார்கள் என்றால் மேலோங்கு நிலை என்ற கருத்தையும் சேர்க்க வேண்டும். சமூகவியலாளர் எவரட் ஹியூஸ் 1945இல் இதை எடுத்துப் பேசினார். ஒருவரின் பல நிலைகளில் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு முன்னால் நிற்பது.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஓர் ஊழியரை எடுங்கள். அவர் பட்டயப் படிப்பு முடித்தவராக இருக்கலாம், ஊரில் இரண்டு தங்கைகளுக்கு அண்ணனாக, ஒரு பிள்ளைக்கு அப்பாவாக, கபடிக் குழுத் தலைவராக இருக்கலாம். இங்கே எந்தக் கவுன்டரில் நின்றாலும் முதலில் பார்க்கப்படுவது அந்தச் சீட்டு. மலேசியர் அல்லாத ஒவ்வோர் அனுமதிச் சீட்டு ஊழியருக்கும் முதலாளி 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகைக்குப் பொறுப்பேற்க வேண்டும். சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். அந்தச் சீட்டில் இருந்துகொண்டு மனைவி மக்களைச் சார்ந்தோர் அட்டையில் அழைத்துவந்து கூட வைத்துக்கொள்ள முடியாது. அப்பா என்ற நிலை பறிபோகவில்லை. ஆனால் அந்த நிலையின் பங்கில் பணம் அனுப்புவதும் இரவு 9 மணிக்கு வீடியோ அழைப்பில் வீட்டுப்பாடம் கேட்பதும் மட்டும் மிஞ்சுகின்றன. ஒரு நிலை இன்னொரு நிலையின் பங்கை எப்படி நறுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த ஊரில் இல்லை.

அதனால் வரைபடத்தில் மேலோங்கு நிலையைத் தடித்த வட்டமாகப் போடச் சொல்லுங்கள். ஆனால் எது மேலோங்கு நிலை என்று தொண்டூழியர் தாமாகத் தீர்மானிக்கக்கூடாது. ‘உங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் என்னவாகப் பார்க்கிறார்கள்’ என்று அவரிடமே கேட்க வேண்டும். பிறகு, ‘நீங்கள் உங்களை முதலில் என்னவாகச் சொல்லிக்கொள்வீர்கள்’ என்று கேட்க வேண்டும். இரண்டு பதிலும் வேறாக இருந்தால் அந்த வேறுபாட்டையே எழுதிக்கொள்ளட்டும்.

தெம்பனிஸ் தோழி

மிக்க நன்றி. பங்கு முரணும் இறுக்கமும் ‘வேலையை விட்டால் தீருமா’ என்ற ஒரே கேள்வியில் பிரிந்துவிட்டன. இப்போது பிறப்பால் வரும் நிலை, ஈட்டிய நிலை என்ற பிரிவில் சிக்கல். மருமகள் எதில் சேர்த்தி? திருமணம் செய்துகொண்டதால் வந்தது, ஆகவே ஈட்டியது என்று எழுதியிருக்கிறேன்.

சொல்லாய்வன்

ஈட்டியது என்று எழுதினால் முயன்று பெற்ற வெற்றி மாதிரி ஒலிக்கும். ‘அடைந்த நிலை’ என்று போடலாம்.

கரும்பலகை

மருமகள் விஷயத்தில் தோழி எழுதியது பாதி சரி. அந்த நிலைக்குள் நுழைவது திருமணத்தால், ஆகவே அடைந்த நிலை. ஆனால் நுழைந்தவுடன் அவர்மேல் வந்து விழும் பங்கு, அவர் பெண் என்பதால் ஏற்றப்படுவது. மருமகனுக்கும் நுழைவு அதே திருமணம்தான், எதிர்பார்ப்போ தலைகீழ். நுழைவு எப்படி, பங்கு எதனால் என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்டால் இந்தக் குழப்பம் வராது.

இந்தப் பிரிவைப் பெட்டிக்குள் பெட்டியாக அடைக்க முடியாது என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. வேலைத்திறன் அடிப்படையில் நிரந்தரவாசியான தந்தைக்கு அது அடைந்த நிலை, அவருக்குத் தேசிய சேவை கிடையாது. அவருடைய ஆதரவில் நிரந்தரவாசியாகும் மகனுக்கோ தேசிய சேவைக் கடமை உண்டு. தந்தை முயன்று அடைந்தது மகனிடம் வரும்போது பிறப்பால் வந்ததாகிவிடுகிறது.

பிடோக் பாண்டியன்

தாய்மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. பள்ளியில் தாய்மொழிப் பாடம் என்பது வீட்டில் பேசும் மொழியை வைத்துத் தொடங்குவதில்லை, இனத்தை ஒட்டித் தொடங்குகிறது. இந்தியர் என்று பதிவான பிள்ளைக்குத் தமிழ், அல்லது இந்தி, பஞ்சாபி, வங்காளி, குஜராத்தி, உருது இவற்றில் ஒன்று. மலையாளமும் தெலுங்கும் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை பள்ளித்தாளில் தமிழ் மாணவராகவோ இந்தி மாணவராகவோ இருப்பார். மறுபக்கம், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 27.9 விழுக்காடு, 2010இல் அது 36.7. ‘தமிழ் மாணவர்’ என்ற நிலையில் இருந்துகொண்டு வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பெருகுகிறார்கள். நிலை இருக்கிறது, பங்கு மெலிகிறது. வருத்தமான உதாரணம்தான், ஆனால் பெற்றோர்கள் நிறைந்த வகுப்பில் பேசியே ஆகவேண்டியது.

ஈசூன் இளவேனில்

இனி குழு. இங்கேதான் தொண்டூழியர்கள் அதிகம் வழுக்குவார்கள், ஏனென்றால் தமிழில் கூட்டம், வகை, குழு எல்லாவற்றையும் ‘ஆளுங்க’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை நிற்பவர்கள் ஒரு கூட்டம். ஒரே இடம், ஒரே நேரம், அவ்வளவுதான். சம்பளச் சீட்டில் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) சந்தா பிடிக்கப்படும் எல்லாரும் ஒரு வகை. 1991இல் தொடங்கிய அந்த அமைப்புக்குச் சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை போகிறது. சந்தா கொடுப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். ஒரே பண்பு இருப்பதால் மட்டும் அவர்கள் குழு ஆகிவிட மாட்டார்கள்.

குழு என்பதற்கு மெர்ட்டன் மூன்று அடையாளம் வைத்தார். அவர்களுக்குள் வழக்கமாக நடக்கும் ஒட்டுறவு, ‘நான் இதில் ஒருவன்’ என்று அவர்களே சொல்வது, ‘அவர் அதில் ஒருவர்’ என்று மற்றவர்களும் சொல்வது. தேக்காக் கூட்டத்துக்குள் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புல்தரையில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, நடுவில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் சோற்றுப் பொட்டலமும் பழரசப் புட்டியும் வைத்து எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஒன்றியத்து ஊர்க்காரர்கள். ஒவ்வொரு வாரமும் அதே மரத்தடி. அந்த எட்டுப் பேர் குழு. அவர்களைச் சுற்றியிருக்கும் ஆயிரம் பேர் கூட்டம்.

களத்தில் விரைவாகக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி: ‘ஒரு வாரம் நீங்கள் வராவிட்டால் யார் போன் செய்வார்கள்?’ பெயர் சொன்னால் குழு இருக்கிறது. யோசித்தால் கூட்டம்தான் இருக்கிறது. உதவித் திட்டத்தில் சேர்த்துவிடுவதைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதில் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

ஜூரோங் ஜமால்

வகை என்றால் விளைவில்லாத ஒன்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு, ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. 2010இல் திருத்தியபின் இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான வரம்பு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12. வரம்பு நிறைந்த புளோக்கில் ஒரு சீனர் தன் வீட்டை இந்தியருக்கு விற்க முடியாது. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் ஓர் இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. அடையாள அட்டையில் எழுதியிருக்கும் வகை, வாங்க வருவோர் எண்ணிக்கையையே மாற்றுகிறது. 2011 முதல் ‘இந்தியர்-சீனர்’ என்பதுபோல் இரட்டை இனப் பதிவு அனுமதிக்கப்பட்டாலும், இந்த வரம்புக்குக் கணக்கில் வருவது முதலில் எழுதியிருக்கும் பகுதிதான்.

கரும்பலகை

குழு பற்றி இன்னும் ஒன்று. முதன்மைக் குழு என்றால் சின்னக் குழு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் கூலி 1909இல் அந்தச் சொல்லை ஆண்டபோது அவர் மனதில் இருந்தவை குடும்பம், பிள்ளைகளின் விளையாட்டுக் கூட்டு, அக்கம்பக்கம். ஒரு மனிதனை முதலில் உருவாக்குவதால் முதன்மை. ஐந்து பேர் கொண்ட செயற்குழு சின்னதுதான், ஆனால் முதன்மைக் குழு ஆகாது. தலைவர் மாறினாலும் அது ஓடும். பாட்டி மாறினால் வீடு ஓடாது.

அளவுக்கு வேறொரு விளைவு உண்டு, அதைக் கணக்காகவே காட்டலாம். n பேர் இருந்தால் இருவர் இருவராக உள்ள உறவுகள் n(n−1)/2. இருவருக்கு 1, மூவருக்கு 3, ஐவருக்கு 10, பன்னிருவருக்கு 66, உங்கள் வகுப்பின் 24 பேருக்கு 276. அதனால்தான் பெரிய வாட்ஸ்அப் குழுவுக்குள் நாலு பேர் தனிக்குழு திறக்கிறார்கள். அது துரோகம் இல்லை, எண்ணிக்கையின் அழுத்தம்.

இரண்டு மூன்றாகும்போது வரும் மாற்றத்தை ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் நுணுக்கமாகப் பார்த்தார். இருவர் குழுவில் ஒருவர் விலகினால் குழுவே இல்லை. மூன்றாமவர் வந்ததும் அவர் நடுவராகலாம், இருவர் சண்டையில் ஆதாயம் பெறலாம், இருவரையும் பிரிக்கலாம்.

பிடோக் பாண்டியன்

இதற்கு நம் வீடுகளில் உதாரணம் பணிப்பெண். கணவன் மனைவி இருவர் இருந்த வீட்டில் மூன்றாமவர். அவருடைய நிலை ஒப்பந்தத்தால் வந்தது, வாழும் இடமோ முதன்மைக் குழுவின் நடுவே. ‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று சொல்லும்போது குடும்பப் பங்கு எதிர்பார்க்கப்படுகிறது: இரவு 11 மணிக்கு விருந்தாளி வந்தாலும் எழுந்து தேநீர் போட வேண்டும். ஓய்வுநாள் கேட்கும்போது ஒப்பந்தப் பேச்சு வந்துவிடுகிறது. குடும்பத்தின் கடமையை ஏற்றி, குடும்பத்தின் உரிமையைக் கொடுக்காமல் இருப்பதுதான் இங்கே நடக்கும் அநியாயம். 2013 முதல் புதிய, புதுப்பிக்கப்படும் அனுமதிகளுக்கு வாரம் ஓர் ஓய்வுநாள் விதி. அன்று வேலை செய்ய அவர் ஒப்புக்கொண்டால் பணமாகக் கொடுக்கலாம். 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் குறைந்தது ஒரு நாளைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது, விட்டே ஆகவேண்டும். ஒப்பந்த நிலையை வீட்டுக்குள் காப்பாற்றிக் கொடுக்கும் விதி அது.

பணிப்பெண் உள்ள வீட்டில் தொண்டூழியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். ‘மேடம்’, ‘அக்கா’, ‘ஆண்டி’, வெறும் பெயர், அல்லது ‘இந்தாம்மா’. கூப்பிடும் சொல்தான் நிலை பற்றிய நேரடிச் சான்று. கேட்டு எழுதினால் மாற்றிச் சொல்வார்கள், காதால் கேட்டதை எழுதட்டும்.

தெம்பனிஸ் தோழி

வகுப்பை இப்படி அமைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். முதல் 20 நிமிடம் மூன்று சொற்களும் மூன்று சோதனைகளும். அடுத்து 15 நிமிடம் நிலைத்தொகுதி, முதல் தாள். பிறகு நால்வர் கொண்ட ஆறு குழுவாகப் பிரிந்து 35 நிமிடம் இரண்டாவது தாள்: பாண்டியன் அண்ணன் தந்த குடும்பம், ஒரு நிலை, ஐந்து முதல் எட்டுக் கோடு, ஒவ்வொன்றிலும் ‘வேண்டும்/கூடாது’ வாக்கியம், மோதும் கோடுகளுக்குச் சிவப்பு. 20 நிமிடம் முரணா இறுக்கமா என்று பிரித்தல். 15 நிமிடம் குழுச் சோதனை, ‘யார் போன் செய்வார்கள்’. மீதி 15 கேள்விகளுக்கு.

கரும்பலகை

நேரம் சரி. இரண்டு திருத்தம். பங்கு என்பது மற்றவர்களின் எதிர்பார்ப்பு என்பதால், நடுவில் இருப்பவரிடம் மட்டும் கேட்டு எல்லாக் கோட்டையும் நிரப்பக்கூடாது. ‘அண்ணன் என்ன எதிர்பார்க்கிறார்’ என்று தங்கையிடம் கேட்டால் கிடைப்பது தங்கையின் ஊகம். நேரில் கேட்காத கோட்டுக்கு ஓரத்தில் ‘ஊ’ என்று எழுதட்டும். அடுத்து, தாளில் எவர் பெயரும் வேண்டாம். ‘மகள்’, ‘அண்ணன்’, ‘தாதி’ போதும். தாள் எங்காவது தவறி விழுந்தாலும் யார் வீடு என்று தெரியக்கூடாது.

ஈசூன் இளவேனில்

முடிந்துபோன நிலைகளையும் புள்ளிக்கோட்டில் போடச் சொல்லுங்கள் தோழி. சமூகவியலாளர் ஹெலன் ரோஸ் ஈபா 1988இல் பங்கிலிருந்து விலகுதல் பற்றி எழுதும்போது, ஐயம் தோன்றுவது, மாற்று தேடுவது, திருப்புமுனை, ‘முன்னாள்’ என்ற புதுப் பங்கை உருவாக்கிக்கொள்வது என நான்கு கட்டம் காட்டினார். கைம்பெண், மணமுறிவு பெற்றவர், சிறையிலிருந்து வந்தவர் எல்லாருமே பழைய நிலையின் நிழலோடுதான் வாழ்கிறார்கள்.

இங்கே அடிக்கடி வருவது மறுவேலை நியமனம். 2022 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 63 ஆனது, அதன்பின் தகுதியுள்ளவருக்கு 68 வரை மறுவேலை கொடுக்க முதலாளி முன்வர வேண்டும் என்று வந்தது. மேற்பார்வையாளராக இருந்தவர் ஓய்வு வயதில் புது ஒப்பந்தத்தில் அதே மேசைக்கு வருவார், நிலை மாறியிருக்கும். பழைய ஆட்கள் இன்னமும் அவரிடம்தான் விடுப்புக் கேட்பார்கள், புதிய மேற்பார்வையாளர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஐயா சொன்ன நாற்காலிச் சோதனையில் அந்த இடம் காலியாகி வேறொருவர் வந்தாயிற்று. கோடுகள் மட்டும் பழைய ஆளிடமே முடிகின்றன.

தெம்பனிஸ் தோழி

சேர்த்துவிட்டேன். ‘ஊ’ குறியும் புள்ளிக்கோடும் தாளின் மேல் மூலையிலேயே அச்சாகும். 24 தாள் இரண்டு வகை, கூடுதலாக ஆறு, ஆக 54. சிவப்புப் பேனா ஆறு.

பிடோக் பாண்டியன்

கோடு போடப் பென்சில் கொடுங்கள். பேனாவில் போட்டால் முதலில் எழுதிய நிலையை மாற்ற மனம் வராது.